முட்டையில் வளர்வதும் கூட்டில் வளர்வதும்: ஜீப்ரா ஃபிஞ்சும் மல்லார்ட் வாத்தும்

பொரித்து ஒரு நாள்கூட ஆகாத இரண்டு குஞ்சுகள். முதலாவது ஜீப்ரா ஃபிஞ்ச். எடை ஒரு கிராமுக்கும் குறைவு. கண் இமைகள் ஒட்டியிருக்கின்றன, இளஞ்சிவப்புத் தோலில் அங்கங்கே சில இழைத் தூவிகள். அதனால் நிற்க முடியாது, தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. செய்யத் தெரிந்ததெல்லாம் கழுத்தை உயர்த்தி வாயைத் திறப்பது மட்டும்தான். இரண்டாவது மல்லார்ட் வாத்து. 30 கிராமுக்குச் சற்று மேல். உடல் முழுக்க அடர்ந்த தூவி, திறந்த கண்கள், உறுதியான கால்கள். தாய் கூப்பிட்டால் கூட்டை விட்டு இறங்கி நடந்து, நீரில் குதித்து, கண்ணெதிரே நகரும் பூச்சியைத் தானே கொத்தித் தின்னும்.

இரண்டும் பறவைகள்தான், இரண்டும் முட்டையிலிருந்துதான் வந்தன. ஆனால் ஒன்று வேலையின் பெரும்பகுதியை முட்டைக்குள்ளேயே முடித்துவிட்டு வருகிறது. மற்றொன்று அரைகுறையாக வெளியே வந்து மிச்சத்தைக் கூட்டில் முடிக்கிறது. பாடும் பறவைக்கும் வாத்துக்கும் இடையே நாம் காணும் வேறுபாடுகளில் பலவற்றை இந்த ஒரு கால வேறுபாட்டிலிருந்து தொடங்கினால் விளங்கிக்கொள்ள முடியும். முட்டையின் உள்ளடக்கம், தந்தையின் பங்கு, குரல், யாரைத் துணையாகத் தேடும் என்பது வரை அதில் அடங்கும். தவறி விழுந்த குஞ்சை எடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இதைத் தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

ஏன் இந்த இரண்டு இனங்கள்? ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த, 12 கிராம் எடையுள்ள ஜீப்ரா ஃபிஞ்ச், ஆய்வகங்களில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பாடும் பறவை. கோழிக்கு அடுத்தபடியாக மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட பறவையும் இதுதான் (2010). வட அரைக்கோளம் முழுக்கப் பரவியிருக்கும், ஒரு கிலோ வாக்கில் எடையுள்ள மல்லார்ட், மஸ்கோவி தவிர ஏறக்குறைய எல்லா வீட்டு வாத்து வகைகளுக்கும் மூதாதை. ஆகவே இரண்டைப் பற்றியும் ஊகமின்றிப் பேச நிறைய இருக்கிறது. பறவைகளின் வம்ச மரத்தில் இவற்றின் கிளைகள் டைனோசர்கள் அழிவதற்கு முன்பே பிரிந்துவிட்டன. பிறந்தவுடன் ஓடும் குஞ்சுதான் பழைய முறை. கூட்டில் கிடந்து வளரும் குஞ்சு பிறகு வந்தது. ஃபிஞ்ச் குஞ்சின் கையாலாகாத தோற்றத்தைப் பார்த்து அதைப் பின்தங்கிய வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. வரலாற்றில் அதுதான் புதுமை.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். ஃபிஞ்ச் முட்டை ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது தாயின் எடையில் 8%. நாளுக்கு ஒன்றாக 4 முதல் 6 வரை இடும். மல்லார்ட் முட்டை சுமார் 50 கிராம், தாயின் எடையில் 5%. அதுவும் நாளுக்கு ஒன்றாக 8 முதல் 13 வரை இடும். கூட்டிப் பார்த்தால் இரண்டு தாய்களுமே தங்கள் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்கு முட்டையாக வெளியே தள்ளுகின்றன. எடையை மட்டும் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. உடைத்துப் பார்த்தால் தெரியும். வாத்து முட்டையின் உள்ளடக்கத்தில் சுமார் 40% மஞ்சள் கரு. கூட்டில் வளரும் குஞ்சுகளைப் பொரிக்கும் பறவைகளின் முட்டையில் அது ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் நீர் மிகுந்த வெண்கரு. கொழுப்பும் அதனால் ஆற்றலும் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரே எடைக்கு வாத்து முட்டை மிகக் கனமான முதலீடு. முட்டையிடும் பருவத்தில் பெட்டை மல்லார்ட், விதைகளை விட்டுப் புழு பூச்சி நத்தைகளைத் தேடித் தின்பது இதற்காகத்தான். விதையில் போதுமான அளவு இல்லாத புரதமும் சுண்ணாம்பும் அதற்கு அப்போது தேவை.

அந்த மஞ்சள் கரு முழுவதும் பொரிப்பதற்குள் தீர்ந்துவிடுவதில்லை. கடைசி நாளில் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. வாத்துக் குஞ்சு முதல் இரண்டு நாள் இதை வைத்தே ஓட்டும். உணவைத் தேடக் கற்றுக்கொள்ளும் அவகாசம் அதுதான்.

ஃபிஞ்ச் 12 முதல் 14 நாளில் பொரிக்கும், மல்லார்ட் 26 முதல் 28 நாளில். இங்கே கவனிக்க வேண்டியது நாள்களின் எண்ணிக்கையை விட, அடைகாக்கத் தொடங்கும் தருணம். ஃபிஞ்ச் பெற்றோர் எல்லா முட்டையும் வந்து சேரும் முன்பே உட்கார ஆரம்பிப்பதால் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் வெளிவரும். கூட்டில் கிடக்கும் குஞ்சுகளுக்கு அது பெரிய சிக்கல் இல்லை. ஊட்டுபவர் இருக்கிறார்கள். கடைக்குட்டி மட்டும் தீனிக்குப் போட்டியிட்டுத் திணறும். வாத்துக்கு அப்படி நடந்தால் பேரிழப்பு. தாய் ஒரே நாளில் எல்லாக் குஞ்சுகளையும் நீருக்கு நடத்திச் செல்ல வேண்டும். ஆகவே முட்டைகள் ஏறக்குறைய முடிந்த பிறகே அது முழுமூச்சாக அடையில் அமர்கிறது. அதுவரை முந்திய முட்டைகளில் கரு குளிர்ச்சியில் உறங்கிக் கிடக்கும். பத்து நாள் இடைவெளியில் இடப்பட்ட முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிப்பதன் மர்மம் இதுதான். முட்டைகளைச் சேர்த்து இன்குபேட்டரில் வைப்பவர்கள் குளிர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துவதும் இதே விதியை நம்பித்தான். வெயிலில் வைத்துவிட்டால் கரு அரைகுறையாகத் தொடங்கி நின்றுபோகும்.

வளர்ச்சி வேகத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஃபிஞ்ச் குஞ்சு இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்குக் கீழிருந்து பத்துப் பதினொரு கிராமைத் தொடும். 18 முதல் 21 நாளில் கூட்டை விட்டுப் பறக்கும். மல்லார்ட் குஞ்சுக்குப் பறக்க 50 முதல் 60 நாள் பிடிக்கும். பெரிய உடலுக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. வேலை செய்துகொண்டிருக்கும் திசு மெதுவாகத்தான் வளரும். ஓட வேண்டிய கால் தசை, நார்களை முதிரச் செய்துகொண்டே செல்களையும் பெருக்க வேண்டியிருக்கிறது. ஃபிஞ்ச் குஞ்சின் தசைகளுக்கு அந்த வேலை இல்லை. அவை நீர் மிகுந்த, பெருகுவதை மட்டுமே செய்யும் திசுவாக இருக்கின்றன. உடலின் பெரும்பங்கு குடல்தான். உள்ளே போடுவதையெல்லாம் உடம்பாக மாற்றும் இயந்திரம் அது. தானே சூடுபடுத்திக்கொள்ளும் செலவும் முதல் வாரத்தில் இல்லை. அதைப் பெற்றோரின் அடிவயிறு ஏற்றுக்கொள்கிறது. வாத்துக் குஞ்சு தின்பதில் ஒரு பங்கை நடக்கவும் நீந்தவும் சூடாக இருக்கவுமே எரித்துவிடுகிறது. அதன் சிறகுகளைப் பார்த்தால் முன்னுரிமை எது என்று தெரியும். கால்கள் முதல் நாளே தயார், சிறகுகளோ பல வாரங்களுக்குச் சின்னஞ்சிறு குச்சிகள்தாம்.

தந்தை எங்கே என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். ஃபிஞ்ச் கூட்டில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன. இருவரும் தீனிப்பையில் ஊறிய புல் விதைகளைக் கொண்டுவந்து வாயில் கக்கி ஊட்டுகின்றன. ஒருவர் குறைந்தால் குஞ்சுகள் குறையும். வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடு இருக்கும் இந்த இனத்தில், இயற்கைச் சூழலில் வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகள் 2 சதவீதம் வாக்கில்தான் என்று மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. பாடும் பறவைகளிடையே இது மிகக் குறைவு. மல்லார்ட் ஆணோ, பெட்டை அடையில் அமர்ந்த சில நாளிலோ வாரங்களிலோ அகன்றுவிடும். குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய அவசியமே இல்லை என்னும்போது இரண்டாவது பெற்றோரால் ஆவது குறைவு. சூடு தருவதும், ஆபத்தைச் சொல்வதும், வழிகாட்டுவதும் ஒருவரே செய்யக்கூடியவை. இதை ஆண் வாத்தின் பொறுப்பின்மை என்று கதை சொல்வது எளிது. ஆனால் அந்தப் பொறுப்பை முட்டையின் மஞ்சள் கரு முன்னமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே சரியான விளக்கம். முழுச் சுமையும் அதனால் தாய்மேல் விழுகிறது. இறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரத்திலேயே இறக்கின்றன.

குரல் கற்பதும் குரலோடு பிறப்பதும்

இரண்டு பறவைகளையும் பிரிக்கும் ஆழமான கோடு குரலில் ஓடுகிறது. பறவைகளுக்கு ஒலி பிறப்பது சிரிங்ஸ் என்ற உறுப்பில். மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் அது இருக்கிறது. ஃபிஞ்சின் சிரிங்ஸில் அதற்கென்றே அமைந்த பல இணைத் தசைகள் உண்டு. அவை நொடியின் சிறு பின்னத்தில் இழுத்தும் தளர்த்தியும் சுருதியை மாற்றுகின்றன. வாத்துக்கு இந்த உள்தசைகளே இல்லை. வெளியிலிருந்து மூச்சுக்குழாயை இழுக்கும் தசைகளை வைத்தே காரியம் நடக்கிறது. ஆண் மல்லார்டுக்குச் சிரிங்ஸின் இடப்பக்கத்தில் குமிழ் போன்ற ஓர் எலும்பு அறை உண்டு. நாம் ‘குவாக் குவாக்’ என்று கேட்கும் உரத்த, படிப்படியாக இறங்கும் அழைப்பு பெட்டையுடையது. ஆணின் குரல் கம்மிய, இரைச்சல் கலந்த தணிந்த ஒலி. குரலை வைத்தே ஆண் பெண் பிரிக்கலாம் என்று வாத்து வளர்ப்பவர்கள் சொல்வது இந்த எலும்புக் குமிழால்தான். ஐந்தாறு வாரம் வரை இரண்டுமே கீச்சிடும் என்பதால் அதற்கு முன் குரலை நம்பிப் பிரித்தால் ஏமாந்துபோக நேரும்.

ஃபிஞ்சில் பாடுவது ஆண் மட்டுமே. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் சிறு தொடர் அது. மூன்றிலிருந்து எட்டு அசைகள் மாறா வரிசையில் வரும். அந்தத் தொடரை அது பிறக்கும்போது கொண்டுவரவில்லை, தந்தையிடம் கற்கிறது. கற்கும் கால அட்டவணை மிகத் துல்லியமானது. பொரித்து சுமார் 25 நாளிலிருந்து 65 நாள் வரை பெரியவரின் பாட்டை நினைவில் பதிக்கிறது. 35 நாள் வாக்கில் தானும் முணுமுணுக்கத் தொடங்குகிறது. மனிதக் குழந்தையின் மழலைக்கு ஒப்பாக இதைச் சொல்வார்கள், அந்த ஒப்புமை பொருத்தமானது. தன் குரலைத் தானே கேட்டு, நினைவில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான முறை திருத்துகிறது. 90 நாள் வாக்கில் பாட்டு உறைந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க அதே பாட்டுதான்.

இதில் எந்தப் படி பிசகினாலும் என்ன ஆகும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண் பெரியவரின் பாட்டே கேட்காமல் வளர்ந்த குஞ்சு இழுவையும் கீறலுமான, ஒழுங்கற்ற பாட்டைப் பாடும். கேள்விப்புலனை இழந்த பறவையின் பாட்டு, அது முன்பு சரியாகக் கற்றிருந்தாலும், சில வாரங்களில் சிதையத் தொடங்கும். பெங்காலீஸ் ஃபிஞ்ச் என்ற வேற்றினப் பெற்றோரிடம் வளர்ந்தால் அந்த இனத்தின் பாட்டையே எடுத்துக்கொள்ளும். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையெல்லாம் விட ஆழமானது. தனிமையில் வளர்ந்த ஆணின் கெட்டுப்போன பாட்டையே ஆசானாகக் கொடுத்தார்கள். மாணவன் அதை அப்படியே எடுக்காமல் சற்றுத் திருத்தியது, அதன் மாணவன் இன்னும் சற்று. மூன்று நான்கு தலைமுறையில் பாட்டு இயல்பான ஃபிஞ்ச் பாட்டை நெருங்கிவிட்டது. அப்படியானால் ஃபிஞ்ச் வெற்றுப் பலகையாகப் பிறப்பதில்லை. பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற ஒரு சாய்வு அதற்குள் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை.

இந்தக் கல்வி எங்கே நடக்கிறது? 13 கோடி நரம்பணுக்களை அரை கிராமுக்கும் குறைவான இடத்தில் அடைத்துவைத்த மூளையில். பாட்டுக்கென்றே தனி மையங்களும் அவற்றை இணைக்கும் தடங்களும் அங்கே உண்டு. கூட்டிலிருந்தபோது மூளை இன்னும் கட்டி முடிக்கப்படாத நிலையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே உலகத்தின் ஒலி உள்ளே வருகிறது. தாமதமாக வளர்வதன் மிகப் பெரிய பலன் இதுவே என்று நான் கருதுகிறேன். மல்லார்டுக்கு அந்தத் தடங்கள் இல்லை. தனியே, வேறு வாத்தின் குரலே கேட்காமல் வளர்ந்தாலும் அது மல்லார்ட் குரலைத்தான் எழுப்பும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆஸ்திரேலியாவின் மஸ்க் வாத்து வேறு இனம். கையில் வளர்க்கப்பட்ட ஓர் ஆண், கதவு அடிபடும் ஓசையையும் பராமரிப்பாளர் சொன்ன வசவு போன்ற ஒலியையும் எழுப்பியதை 1987-இல் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் 2021-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. வாத்துக் குடும்பம் முழுவதற்கும் கற்றல் சாத்தியமே இல்லை என்று சொல்ல முடியாது. மல்லார்டில் அது காணப்படவில்லை என்பது மட்டுமே உறுதி.

முட்டைக்குள் கேட்பது

மல்லார்ட் எதையும் கற்பதில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதன் கல்வி முன்கூட்டியே, முட்டைக்குள் தொடங்கிவிடுகிறது. வளர்ச்சி உளவியலாளர் கில்பர்ட் காட்லிப் பல ஆண்டுகள் செய்த சோதனைகளின் சாரம் இது: பொரித்த மல்லார்ட் குஞ்சு தன் இனத் தாயின் அழைப்பை வேற்றினத் தாயின் அழைப்பை விட விரும்பும், அதை முன்னே கேட்டிராவிட்டாலும் விரும்பும். பிறவி உணர்வு என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். காட்லிப் நிறுத்தவில்லை. ஓட்டுக்குள் இருக்கும் கருவின் குரலை முன்பே அடக்கி, உடன்பிறப்புகளின் ஒலியும் கேட்காமல் தனித்து வைத்தபோது அந்தத் தெளிவான விருப்பம் குலைந்தது. ஆக, குஞ்சு பொரிப்பதற்கு முன் தன் சொந்தக் கீச்சொலியைக் கேட்பதே தாயை அடையாளம் காணும் திறனைச் செதுக்குகிறது. பிறவிக் குணம் என்று நாம் ஒதுக்கிவைப்பதற்குள்ளும் இப்படி ஒரு பயிற்சி ஒளிந்திருக்கலாம்.

ஃபிஞ்ச் முட்டையும் செவிடு இல்லை. காற்றின் சூடு 26 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஃபிஞ்ச் பெற்றோர், அடைகாலத்தின் கடைசி நாள்களில் ஒரு தனி அழைப்பை எழுப்புகின்றன. அதைக் கேட்ட குஞ்சுகள் வெப்பக் கூட்டில் சற்றுச் சிறிய உடலோடு வளர்வதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பத்தில் சிறிய உடல் நன்மை தரும். அப்படி வளர்ந்த பெண்கள் பிற்பாடு கூடுதலாகக் குஞ்சுகளை ஈன்றன. வாத்துக்கு முட்டைக்குள் வரும் ஒலி ‘தாய் யார்’ என்று சொல்கிறது. ஃபிஞ்சுக்கு ‘வெளியே எப்படி இருக்கிறது’ என்று சொல்கிறது.

பொரித்த பிறகு வாத்துக்கு இன்னொரு குறுகிய சாளரம் திறக்கிறது. தான் பின்தொடர வேண்டிய உருவம் எது என்பதைப் பதித்துக்கொள்வது. வாத்து இன விலங்குகளில் இதைப் பிரபலப்படுத்தியவர் கொன்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். மல்லார்டில் இந்தப் பதிவு மிக வலுவாக இருப்பது பொரித்து 13 முதல் 16 மணி நேரத்தில். ஒரு நாள் தாண்டிவிட்டால் மங்கத் தொடங்கும், ஏனெனில் அதன்பின் புதிய உருவங்களிடம் பயம் தோன்றிவிடுகிறது. ஃபிஞ்சுக்கு இந்தப் பின்தொடரும் பதிவு தேவையே இல்லை. கண் தெரியாத குஞ்சு யாரைப் பின்தொடரும்? அதற்குப் பதில் வாரக்கணக்கில், மெதுவாக, வளர்த்தவரின் தோற்றம் பதிகிறது. அது பின்னாளில் துணை தேடும்போது வெளிப்படும். பெங்காலீஸ் ஃபிஞ்ச் வளர்த்த ஆண் ஜீப்ரா ஃபிஞ்ச், தன்னினப் பெண் பக்கத்தில் இருந்தாலும் பெங்காலீஸ் பெண்ணைத் தேடிப் பாடும். மல்லார்டிலும் வேற்றினத்தோடு வளர்ந்த ஆண் அந்த இனத்தையே காதலிக்கும். ஆனால் பெட்டை மல்லார்ட் யாரிடம் வளர்ந்தாலும் பச்சைத்தலை ஆணிடம்தான் ஈர்க்கப்படுகிறது. குஞ்சுகளை வளர்ப்பது தாய் மட்டுமே. ஆணின் தோற்றத்தைக் கண்டு பழக அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆகவே அந்தத் தேர்வு கற்றலை நம்பியிருக்க முடியாது.

ஆண் பெண் தோற்றம் உருவாகும் விதத்திலும் இரண்டும் வெவ்வேறு வழி. மல்லார்டில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான் பழுப்பு நிறத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. சூலகம் சேதமான அல்லது வயதாகிச் சுருங்கிய பெட்டை, அடுத்த இறகு மாற்றத்தில் பச்சைத்தலை அணிந்து வரும். ஆணின் எலும்புக் குமிழும் அப்படியே: முட்டைக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜன் தடுக்காவிட்டால் எந்தக் கருவிலும் அது உருவாகும். ஃபிஞ்சில் ஒவ்வொரு செல்லும் தன் குரோமோசோமைக் கேட்டே நடக்கிறது போலும். 2003-இல் விவரிக்கப்பட்ட ஓர் ஃபிஞ்சுக்கு வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள் ஓடியும் கன்னத்தின் செம்மஞ்சள் திட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. மூளையின் பாட்டு மையம் ஆண் பாதியில் பெரியதாக இருந்தது.

இறகு உதிர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃபிஞ்ச் சிறகின் பறப்பு இறகுகளை ஒவ்வொன்றாக, பல மாதங்கள் எடுத்து மாற்றும், ஒரு நாளும் தரையில் சிக்காது. மல்லார்ட் எல்லாப் பறப்பு இறகுகளையும் ஒரே வீச்சில் உதிர்த்து 3 முதல் 4 வாரம் பறக்கவே முடியாமல் இருக்கும். கனத்த உடலுக்குச் சிறகு சிறிது. அதில் ஒன்றிரண்டு இறகு குறைந்தாலே பறப்பு தள்ளாடும். நீரில் ஒளிந்துகொள்ளும் வசதியும் இருப்பதால் மொத்தமாக முடித்துக்கொள்கிறது. இந்த நாள்களில் பறக்காமல் நீந்தி ஒதுங்கும் பழுப்பு ஆண் வாத்தைக் காயப்பட்டது என்று பிடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அலகின் நிறத்தைப் பார்த்தால் போதும். மங்கிய மஞ்சள் பச்சை அலகு என்றால் அது உதிர்ப்புக் காலத்து ஆண்.

கையில் வந்துவிட்டால்

இரண்டு குஞ்சுகளுக்கும் ஒரே முதலுதவி செய்வதால்தான் அதிகம் சாகின்றன. வாத்துக் குஞ்சுக்கு வாய்க்குள் ஊட்டுவார்கள், ஃபிஞ்ச் குஞ்சின் முன் தட்டில் தீனி வைப்பார்கள். இரண்டும் எதிர்மாறாக இருக்க வேண்டும்.

இறகு முளைத்து, தத்தித் தாவும் ஃபிஞ்ச் குஞ்சு தரையில் கிடந்தால் பெரும்பாலும் அது விழுந்ததில்லை, இறங்கியது. பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகினால் பெற்றோர் வருவார்கள். இறகில்லாதது என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்ட வாசனைக்காகப் பெற்றோர் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. கூடே இல்லாதபோது மட்டும் கையில் வளர்ப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலில் சூடு: முதல் வாரத்தில் 35, 36 பாகை. குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டினால் தீனிப்பையிலேயே உணவு தங்கிப் புளித்துப்போகும். ஆகவே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. ஊட்டும் கலவை 39, 40 பாகையில் இருக்கட்டும். அதற்கு மேல் சூடேறினால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிமானம் மந்தமாகும். தோல் மெல்லியது என்பதால் கழுத்தோரத்தில் தீனிப்பை கண்ணாடிபோல் தெரியும். அது காலியாகும்போது ஊட்டுவதுதான் முறை, கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. பகலில் இது அரை மணிக்கு, முக்கால் மணிக்கு ஒரு முறை வரும். தண்ணீரைத் துளித்துளியாக வாயில் விடுவது மிக ஆபத்து. நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்தே இருக்கும், நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தேவையான நீர் கலவையிலேயே இருக்கிறது. ஃபிஞ்ச் முட்டையை இன்குபேட்டரில் பொரிப்பது இதனால்தான் வீண் முயற்சி. பொரித்த மறு கணமே ஊட்டும் பெற்றோர் வேண்டும். வளர்ப்பவர்கள் பெங்காலீஸ் ஜோடியின் கூட்டில் வைப்பார்கள். குஞ்சு பிழைக்கும், ஆனால் மேலே சொன்ன பாட்டும் துணைத் தேர்வும் அதற்கு விலையாகும். 25 நாள் தாண்டும் முன் தன்னினப் பெரியவர்கள் இருக்கும் கூண்டுக்கு மாற்றினால் பாட்டையாவது ஓரளவு காப்பாற்றலாம்.

வாத்து முட்டைக்கு இன்குபேட்டர் பொருந்தும். காற்று சுழலும் பெட்டியில் 37.5 பாகை, ஈரப்பதம் 55% வாக்கில், கடைசி மூன்று நாளில் 65 முதல் 75 வரை ஏற்றி முட்டையைப் புரட்டுவதை நிறுத்த வேண்டும். அடைகாலத்தில் முட்டை தன் எடையில் 13% வாக்கில் நீராக இழக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறிதாகி, குஞ்சு முதல் மூச்சுக்கு இடமின்றி ஓட்டுக்குள்ளேயே மூழ்கிப்போகும். குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகு முழுதாக வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் சவ்விலுள்ள ரத்தம் வற்றுகிறது, மஞ்சள் கரு உள்ளே போகிறது. பொறுமையிழந்து ஓட்டைப் பிய்த்து உதவினால் ரத்தம் கசியும், மஞ்சள் கரு வெளியே தொங்கும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 32, 33 பாகை சூடு, பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் குவிந்தால் குளிர், ஓரங்களுக்கு ஓடினால் வெக்கை. தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத் துளைகள் மூழ்கும் ஆழம் இருக்க வேண்டும். அலகையும் மூக்கையும் அவை நீரில்தான் கழுவிக்கொள்ளும். உள்ளே இறங்கி நனையும் அளவுக்கு அகலம் கூடாது. தாயின் அடியில் பதுங்கிக் காயும் வாய்ப்பில்லாத குஞ்சு நனைந்தால் விறைத்துச் சாகும். வாத்துக் குஞ்சு நீந்தப் பிறந்தது என்று தொட்டியில் விடுவது இதனாலேயே கேடாக முடிகிறது. தீவனத்தில் புரதம் முதலில் 18 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். கோழிக் குஞ்சுத் தீவனம் மட்டும் கொடுத்தால் நியாசின் (வைட்டமின் B3) போதாது. வாத்துக்குக் கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் வாக்கில் தேவை, கோழிக்கு அதைவிடக் குறைவு. பற்றாக்குறை சில வாரங்களில் வளைந்த கால்களாகவும் வீங்கிய மூட்டுகளாகவும் தெரியும். மாறாக, ஆற்றல் மிகுந்த தீனியில் வேகமாக ஊதவைத்தால் சிறகின் நுனி, ரத்தம் நிறைந்த இறகுகளின் பாரம் தாங்காமல் வெளிப்புறம் திரும்பி நின்றுவிடும். முதல் சில நாளில் கண்டால் சிறகை மடித்துக் கட்டி நேராக்கலாம். எலும்பு முற்றிய பின் அது பறக்காது. ரொட்டி ஊட்டுவதால் வரும் தீங்கும் இதையொட்டியதே: வயிறு நிறையும், தேவையானது எதுவும் உள்ளே போகாது.

தனியாகக் கண்ட வாத்துக் குஞ்சை எடுக்கும் முன் சுற்றும் முற்றும் ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. தாய் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதைத் தனியே விடாதீர்கள். அதே வயது இன்னொரு குஞ்சு கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், கிடைக்காவிட்டால் சூட்டுப் பெட்டியின் ஓரம் ஒரு சிறு கண்ணாடி வையுங்கள். கண்ணில் படும் உருவம் தன்னினமாக இருந்தால், உங்கள் பின்னால் ஓடி வரும் பழக்கம் அதற்கு வலுப்படாது, பிற்பாடு கூட்டத்தில் சேர்க்கும்போதும் மிரளாது.